பதினேழு வயதில் வாங்க முடியாத கார்: அமெரிக்க மசில் கார்களின் ஏல விலை எப்படி ஏறுகிறது?

1968ஆம் ஆண்டு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லா ஹார்ப் என்று ஒரு சின்ன ஊர். அங்கே செவ்ரோலே டீலராக இருந்த ஃபிரெட் கிப், கம்பெனியிடம் 1969 மாடல் கமாரோ கார்கள் 50 வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தார். சாதாரண கமாரோ இல்லை. அலுமினியத்தில் வார்த்த 427 கன அங்குல ரேஸ் எஞ்சின் வைத்த இசட்எல்1. டிராக் ரேஸில், அதாவது நேர்கோட்டில் ஓடும் குறுந்தூரப் பந்தயத்தில், அந்தக் கார் ஓட வேண்டுமென்றால் குறைந்தது 50 கார்களாவது தயாராகியிருக்க வேண்டும் என்பது பந்தய விதி. அதனால்தான் அந்த எண்ணிக்கை.

கார்கள் வந்து இறங்கின. எதிர்பார்த்ததை விட விலை எகிறியிருந்தது. எஞ்சினுக்கு மட்டும் 4,160 டாலர், காருக்கு மொத்தம் 7,200 டாலருக்கு மேல். அந்தப் பணத்தில் இரண்டு சாதாரண கமாரோ வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தலாம். யார் வாங்குவார்கள்? ஒரு சிலவற்றைத்தான் அவரால் விற்க முடிந்தது. மிச்சத்தைக் கம்பெனியே திரும்ப எடுத்துக்கொண்டு மற்ற டீலர்களுக்குப் பிரித்து அனுப்பியது. மொத்தமே 69 இசட்எல்1 கார்கள்தான் தயாராயின. அந்த 69இல் ஒன்று பின்னாளில் ஏலத்தில் பத்து லட்சம் டாலரைத் தொட்டது.

அன்று டீலரின் இடத்தில் விலைபோகாமல் நின்ற கார், ஐம்பது வருடம் கழித்து எப்படி இந்த விலைக்குப் போகிறது? பழசாகிவிட்டது என்பது பதிலாகாது. அதே 1969இல் தயாரான பல லட்சம் கார்கள் பழைய இரும்பாகிப் போய்விட்டன. இந்தக் கணக்கு புரிய, மசில் கார் என்றால் என்ன என்பதில் தொடங்க வேண்டும்.

மசில் கார் என்பதற்குச் சட்டப்படியான விளக்கம் ஏதும் கிடையாது. ஆனால் சேர்மானம் எளிமையானது. குடும்பத்தோடு போகிற நடுத்தர அளவு இரண்டு கதவு கார் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பெரிய காருக்கென்று செய்த வி8 எஞ்சினை, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சினைத் தூக்கி வையுங்கள். விலையை ஒரு இளைஞன் மாதத் தவணையில் கட்டுகிற அளவுக்குள் வையுங்கள். திருப்பங்களில் லாவகமாக வளைவது, பிரேக் பிடித்தால் சட்டென்று நிற்பது எல்லாம் இரண்டாம் பட்சம். பச்சை விளக்கு விழுந்ததும் நேர்கோட்டில் பாய வேண்டும், அவ்வளவுதான்.

இதைத் தொடங்கி வைத்தது 1964இன் பான்டியாக் ஜிடிஓ என்பது பெரும்பாலானோர் ஒத்துக்கொள்ளும் கணக்கு. அது பிறந்த கதை சுவாரசியமானது. ஜெனரல் மோட்டார்ஸ் நிர்வாகம் தன் நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டிருந்தது. பான்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய ஆட்களும் அதில் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். புது மாடல் என்றால்தான் மேலிடத்து அனுமதி வேண்டும். ஏற்கெனவே இருக்கும் டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்குக் கூடுதல் வசதி என்று சொல்லிவிட்டால்? அப்படியே செய்தார்கள். சுமார் 296 டாலர் சேர்த்துக் கட்டினால் 389 கன அங்குல எஞ்சின், அதாவது 6.4 லிட்டர். ஐயாயிரம் விற்றால் போதும் என்று நினைத்த இடத்தில் முதல் வருடமே 32,450 கார்கள் போயின.

அப்புறம் என்ன, எல்லாக் கம்பெனிகளும் குதித்தன. 1968இல் கிரைஸ்லரின் பிளைமவுத் பிரிவு கொண்டுவந்த ரோட் ரன்னரில் தரைக்கு விரிப்புகூடக் கிடையாது, வெறும் ரப்பர். ஆனால் விலை 3,000 டாலருக்குள். கார்ட்டூனில் வரும் அந்தப் பறவையின் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்த வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் கொடுத்தார்கள். ஹார்ன் அடித்தால் பறவை மாதிரியே 'பீப் பீப்' என்று கத்தும். முதல் வருடத்தில் 45,000 கார்களை நெருங்கியது விற்பனை. வாங்க வந்தவர்களின் வயது என்ன என்பது இந்த ஹார்னிலேயே தெரிந்துவிடும்.

ஏலச் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல் ஹேமி. அதையும் இங்கேயே பார்த்துவிடலாம். எஞ்சினில் பெட்ரோல் எரியும் அறையின் மேற்புறம் அரைக்கோளமாக, கவிழ்த்த கிண்ணம் போல இருக்கும். ஆங்கிலத்தில் அரைக்கோளத்துக்கு உள்ள சொல்லின் முன்பாதிதான் ஹேமி. கிண்ண வடிவம் என்பதால் வால்வுகளைப் பெரிதாக, எதிரெதிர்ச் சரிவுகளில் வைக்க இடம் கிடைக்கும். காற்று தாராளமாக உள்ளே வந்து வெளியே போகும். கிரைஸ்லரின் 426 கன அங்குல ஹேமி, 7 லிட்டர், 1964 டேடோனா 500 பந்தயத்தில் அறிமுகமானது. முதல் மூன்று இடங்களும் ஹேமி பொருத்திய பிளைமவுத்துகளுக்கு. ரிச்சர்ட் பெட்டி ஜெயித்தார். பொதுமக்களுக்கும் விற்கிற எஞ்சினாக இருக்க வேண்டும் என்று பந்தய அமைப்பு சொல்ல, 1966இல் அது தெருவுக்கு வந்தது. எழுத்தில் 425 குதிரைத்திறன். இன்சூரன்ஸ் கம்பெனிகள் மிரளாமல் இருக்கக் குறைத்துச் சொன்ன கணக்கு அது என்பது காரை அறிந்தவர்கள் காலங்காலமாகச் சொல்வது. யானை எஞ்சின் என்று செல்லப்பெயரும் உண்டு.

இந்தக் கொண்டாட்டம் பத்து வருடம்கூட நீடிக்கவில்லை. இருபத்தைந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இன்சூரன்ஸ் கட்டணம் தாறுமாறாக ஏறியது. 1970இல் புதிய தூய காற்றுச் சட்டம் வந்தது. ஈயம் குறைந்த பெட்ரோலுக்கு ஏற்ப 1971 முதல் எஞ்சின்களின் அழுத்த விகிதத்தைக் குறைத்தார்கள், அதோடு திறனும் குறைந்தது. ஹேமியும் அந்த வருடத்தோடு நின்றது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும், பெட்ரோல் பங்குகளில் வரிசை கட்டி நின்ற மக்களுக்கு இந்தக் கார்கள் வெறும் பெட்ரோல் குடிக்கும் பூதங்களாகத் தெரிந்தன. கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டார்கள். பல கார்கள் குளிர்நாட்டு உப்புச் சாலையில் துருப்பிடித்து முடிந்தன, பல பந்தயத்தில் நொறுங்கின.

இப்போது 1970இல் பதினேழு வயதாக இருந்த ஒரு பையனை நினைத்துப் பாருங்கள். டெட்ராய்ட் பக்கத்தில் வீடு. உட்வர்ட் அவென்யூவில் சனிக்கிழமை இரவு விளக்குக்கு விளக்கு பந்தயம் நடக்கும், அதை நடைபாதையில் நின்று பார்ப்பான். அந்த வருடம் பிளைமவுத் 'கூடா' காரின் ஆரம்ப விலை 3,164 டாலர். ஹேமி வேண்டுமென்றால் மேலே சுமார் 870 டாலர், அதாவது காரின் விலையில் கால் பங்குக்கும் மேல். பலசரக்குக் கடையில் மூட்டை தூக்கிச் சேர்த்த பணத்தில் அது நடக்காது. நடந்தாலும் இன்சூரன்ஸ் கட்ட முடியாது. பக்கத்துத் தெருவில் யாரோ ஒருவர் வைத்திருந்தார், அதன் சத்தம் கேட்டது, அவ்வளவுதான். பிறகு வேலை, கல்யாணம், வீட்டுக்கடன், பிள்ளைகளின் படிப்பு.

2003இல் அவருக்கு ஐம்பது. பிள்ளைகள் வீட்டை விட்டுப் போய்விட்டார்கள், கடன் அடைந்துவிட்டது, கையில் காசு இருக்கிறது. சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இந்த விலைக் கதை முழுக்க இவர்களைச் சுற்றித்தான் நடக்கிறது என்பது என் எண்ணம். இரண்டாம் உலகப் போர் முடிந்து 1946 முதல் 1964 வரை அமெரிக்காவில் பிறந்த பெருந்திரளான தலைமுறை அது. எண்ணிக்கையிலும் பெரிது, சேர்த்த சொத்திலும் பெரிது. நாஸ்டால்ஜியா என்ற சொல்லை 1688இல் உருவாக்கியவர் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற சுவிஸ் மருத்துவர். வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்து, ஊரை விட்டுத் தொலைவில் வாழ்பவர்களுக்கு வரும் நோயாக அதை எழுதினார். இன்றைய உளவியலாளர்கள் அதை நோயாகப் பார்ப்பதில்லை. ஆனால் ஒன்றைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். வயதானவர்களிடம் வாழ்க்கையை நினைவுகூரச் சொன்னால், பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட நினைவுகள்தான் அளவுக்கு மீறிக் கூட்டமாக வரும். வரைபடத்தில் போட்டால் அந்த இடம் மேடாக இருக்கும். முதல் வேலை, முதல் காதல், முதல் கார், எல்லாம் அந்த மேட்டில்தான்.

ஏக்கத்திலும் இரண்டு வகை உண்டு. அப்பா ஓட்டிய நான்கு கதவு காரை நினைத்து ஏங்குபவர்கள் ஏராளம். அந்தக் கார்கள் இன்றும் மலிவுதான். கோடிகளுக்குப் போவது அன்றைக்குக் கைக்கு எட்டாமல் போனவை. சுவரில் ஒட்டிய படம், எதிர்வீட்டு அண்ணன் ஓட்டியது, டீலர் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றது. அன்று பலரும் ஆசைப்பட்டார்கள், சிலரே வாங்கினார்கள். அதனால் இன்று வாங்க நினைப்பவர்கள் பலர், இருக்கும் கார்கள் சில.

இதற்குக் கூரை திறக்கும் ஹேமி கூடா கன்வெர்டிபிளை விடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை. பந்தய வெறி உள்ளவர் எடை குறைந்த மூடிய காரைத்தான் கேட்பார். திறந்த காரில் காற்று வாங்கப் போகிறவருக்கு முரட்டு எஞ்சின் தேவைப்படாது. இரண்டையும் சேர்த்துக் கேட்டு, அதற்கான காசையும் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்? 1970 மாடலில் 14 கார்கள், 1971இல் ஒரு டஜன்கூட இல்லை. யாரும் கேட்காததால் அபூர்வமானது, அபூர்வமானதால் எல்லோரும் கேட்கிறார்கள். 2014இல் சியாட்டிலில் மீகம் நிறுவனம் நடத்திய ஏலத்தில் 1971 மாடல் ஒன்று 35 லட்சம் டாலருக்குப் போனது.

சரி, அபூர்வம் என்றால் அதை யார் நிரூபிப்பது? புதிதாக இந்த உலகத்துக்குள் நுழைபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஹேமி எஞ்சினைத் தனியாக வாங்கி, சாதாரண எஞ்சினோடு வந்த ஒரு கூடாவில் பொருத்திவிடலாம். பெயின்ட், சீட், பட்டைக்கோடு எல்லாம் அச்சு அசலாகச் செய்து தருகிற பட்டறைகள் உண்டு. 1969 கமாரோவின் முழு உடல்கூட்டையே இன்று புதிதாகத் தகட்டில் அடித்து விற்கிறார்கள். இப்படிச் செய்த காரை 'குளோன்' என்பார்கள், மரியாதையாக 'டிரிப்யூட்' என்றும் சொல்வதுண்டு. குளோன் என்று சொல்லி விற்றால் அதில் தப்பில்லை, ஓட்ட அதே சுகம்தான். ஆனால் விலை அசலில் ஒரு சிறு பங்கு.

அதனால் ஏலத்துக்கு முன்னால் காரைச் சுற்றி டார்ச் லைட்டோடு குனிந்து நிற்பவர்களைப் பார்க்கலாம். அவர்கள் தேடுவது எண்களை. 1970 ஹேமி கூடா ஒன்றின் முன்கண்ணாடி வழியே டாஷ்போர்டைப் பார்த்தால் ஒரு சிறு தகட்டில் வண்டி எண் இருக்கும். அது 'பி எஸ் 23 ஆர் 0 பி' என்று தொடங்கலாம். முதல் 'பி' என்றால் பாராகூடா. 'எஸ்' அதன் சிறப்பு ரகமான கூடா. 23 என்றால் இரண்டு கதவு, கெட்டிக் கூரை. கன்வெர்டிபிளாக இருந்தால் 27. அடுத்து வரும் 'ஆர்' என்ற ஒற்றை எழுத்துதான் 426 ஹேமி. பூஜ்யம் 1970ஐக் குறிக்கும், கடைசி 'பி' மிச்சிகனின் ஹாம்டிராமிக் ஆலையை. அந்த ஐந்தாவது எழுத்து வேறாக இருந்தால், பானெட்டுக்குக் கீழே எந்த யானை உட்கார்ந்திருந்தாலும் அது ஆலையிலிருந்து வந்த ஹேமி கார் இல்லை.

அடுத்து பானெட்டைத் தூக்கி, ஓட்டுநர் பக்கத்து உள் ஃபெண்டரில் திருகிய சிறிய உலோகப் பலகையைப் பார்ப்பார்கள். அதை அடி வரியில் தொடங்கி மேல்நோக்கிப் படிக்க வேண்டும். 'இ74' என்றால் ஹேமி. 'டி21' என்றால் நான்கு கியர் மேனுவல். 'எஃப்சி7' என்றால் அந்தப் புகழ்பெற்ற கத்தரிப்பூ நிறம், பிளைமவுத்தில் அதற்கு 'இன்-வயலட்' என்று பெயர், கிரைஸ்லரின் இன்னொரு பிரிவான டாட்ஜில் 'பிளம் கிரேஸி'. பிறகு எஞ்சின் வார்ப்பில் அடித்திருக்கும் எண் வண்டி எண்ணின் கடைசி இலக்கங்களோடு பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். பொருந்தினால் அது 'மேட்சிங் நம்பர்ஸ்' கார். பிறந்தபோது இருந்த எஞ்சின் இன்னும் அதிலேயே இருக்கிறது என்று அர்த்தம்.

இதற்கும் மேலே ஒரு சான்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். காரின் பாகங்களை எப்படிப் பொருத்த வேண்டும் என்று தொழிலாளிகளுக்காக அச்சடித்த தயாரிப்புத் தாள். வேலை முடிந்ததும் அதற்கு உபயோகம் இல்லை. பல கார்களில் அது பின்சீட்டின் சுருள் கம்பிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டு அப்படியே கிடந்தது. செவ்ரோலேயில் பெட்ரோல் டேங்கின் மேற்புறம் ஒட்டியிருக்கும். ஐம்பது வருடம் கழித்து யாரோ சீட்டைக் கழற்ற, மடிந்து பழுத்து, எலி கடித்த நிலையில் ஒரு தாள் வெளியே வரும். குப்பையாகப் போயிருக்க வேண்டிய அந்தத் தாள் காரின் மதிப்பை ஒரே நாளில் உயர்த்திவிடும். ஃபோர்டு, பான்டியாக் கார்களுக்குத் தயாரிப்புப் பதிவுகள் பெருமளவு தப்பியிருப்பதால் பணம் கட்டி விவரம் வாங்கலாம். செவ்ரோலேயின் 1970 செவல் எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட் என்ற வேக ரகம்) மாதிரி கார்களில் வண்டி எண்ணே அது எஸ்எஸ் என்று சொல்லாது. அங்கே குளோன்கள் பெருகியதில் வியப்பில்லை.

ஏலக் கூடத்துக்குள் போவோம். வருடா வருடம் ஜனவரியில் இரண்டு பெரிய ஏலங்கள் நடக்கும். அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில் பாரட்-ஜாக்சன், ஃபுளோரிடாவின் கிசிமியில் மீகம். சில கார்களுக்கு விற்பவர் குறைந்தபட்ச விலை வைத்திருப்பார், அதைத் தொடாவிட்டால் கார் விற்காது. 'நோ ரிசர்வ்' என்றால் அந்தப் பாதுகாப்பு இல்லை, கடைசியாகக் கை தூக்கியவருக்குக் கார். சுத்தியல் விழுந்த விலையோடு வாங்குபவர் கமிஷனும் கட்ட வேண்டும், வழக்கமாகப் பத்து சதவீதம். ஒரே காருக்கு இரண்டு செய்திகளில் இரண்டு விலை கண்டால் குழம்ப வேண்டாம், ஒன்று சுத்தியல் விலை, மற்றது கமிஷனோடு.

விலை எகிற இரண்டே பேர் போதும் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரே நினைவு, ஒரே பிடிவாதம், இருவர் பையிலும் பணம். அப்படி ஒரு நாளில் கிடைத்த விலையைப் படித்துவிட்டு, தன் கொட்டகையில் நிற்கும் ஆறு சிலிண்டர் ஃபோர்டு மஸ்டாங்குக்கும் அதே மதிப்பு என்று கணக்குப் போட்டு ஏமாந்தவர்கள் நிறைய. டிவியில் காட்டுவது உச்சி விலைகளை. சாதாரண எஞ்சினோடு லட்சக்கணக்கில் தயாரான கார்கள் இன்னும் சில பத்தாயிரம் டாலர்களில்தான் கைமாறுகின்றன. அதைப் பிரித்துப் பூட்டிப் புதுப்பிக்க ஆகும் செலவு பல சமயம் காரின் விலையையே தாண்டும்.

2020 ஜனவரி 10 அன்று கிசிமியில் விற்ற ஒரு மஸ்டாங்கைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1968 மாடல், கரும்பச்சை. 'புல்லிட்' படத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவின் மேட்டுத் தெருக்களில் ஸ்டீவ் மெக்குயீன் ஓட்டிய கார். ஒரு குடும்பம் 1974இல் அதை 6,000 டாலருக்கு வாங்கியது. அந்த வீட்டுத் தலைவி பள்ளிக்கூட ஆசிரியை, கொஞ்ச காலம் அதில்தான் வேலைக்குப் போய்வந்தார். 1977இல் மெக்குயீனே கடிதம் எழுதித் திரும்பக் கேட்டார். கொடுக்கவில்லை. 1980இல் கிளட்ச் பழுதாகிக் கார் நின்றது, பல பத்தாண்டுகள் உள்ளேயே இருந்தது. ஏலத்துக்கு வந்தபோது அதற்குப் புதுப் பெயின்ட் அடிக்கவில்லை. மங்கிய பச்சை, துரு, படப்பிடிப்புக்காக அடியில் பற்றவைத்த கேமரா தாங்கிகள், எல்லாம் இருந்தபடியே. சுத்தியல் 34 லட்சம் டாலரில் விழுந்தது, கமிஷனோடு 37 லட்சத்து 40 ஆயிரம். பளபளப்பாக்கியிருந்தால் விலை குறைந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு கீறலும் அந்தக் காரின் சாட்சி.

விலை ஏறிக்கொண்டே போகும் என்றும் நினைக்க வேண்டாம். 2000களின் நடுவில் ஹேமி கார்கள் உச்சத்துக்குப் போயின. 2008 நிதி நெருக்கடியில் மடமடவென்று இறங்கின, கடன் வாங்கி முதலீடாக வாங்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். மீண்டும் ஏறி, 2021, 2022 வாக்கில் இன்னொரு அலை அடித்தது. 1946இல் பிறந்தவருக்கு 2026இல் எண்பது வயது. வீட்டைச் சுருக்குகிறவர்கள், பிள்ளைகளுக்குக் காரேஜைக் காலி செய்து கொடுக்கிறவர்கள் கூடிக்கொண்டே போவார்கள். முழு ஆதாரமுள்ள அபூர்வக் கார்கள் நின்றுவிடும், நடுத்தரமானவை தடுமாறும் என்பது என் கணிப்பு.

அந்த நினைவு மேடு இப்போது அடுத்த தலைமுறைக்கு நகர்ந்திருக்கிறது. 2021 ஜூனில் லாஸ் வேகஸில் பாரட்-ஜாக்சன் ஏலத்தில், முதல் 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' படத்தில் ஓடிய 1994 டொயோட்டா சூப்ரா 5 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குப் போனது. நிசான் ஸ்கைலைன் ஆர்34 ஜிடி-ஆர் அமெரிக்காவில் விற்பனைக்கே வராத கார். வெளிநாட்டுக் காரை அமெரிக்கத் தரச் சான்று இல்லாமல் கொண்டுவர அதற்கு 25 வயதாகியிருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். 1999இல் தயாரான முதல் ஆர்34களுக்கு அந்தக் கதவு 2024இல்தான் திறந்தது. பள்ளி முடிந்து வந்து வீடியோ கேமில் மட்டுமே அதை ஓட்டிய பிள்ளைகளுக்கு இப்போது நாற்பது வயது. பணத்தோடு வரிசையில் நிற்கிறார்கள்.